பின்சுவரில் ஒரு ஜன்னல்

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு முன்பக்கக் கடையை டி.வி. ரிப்பேர் செய்யும் சேகருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்து பார்த்தால், கடைக்கும் அப்பா படுத்திருக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை ஜன்னல் அளவுக்கு உடைத்திருந்தார்.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"எதுவானாலும் வக்கீல்கிட்ட பேசிக்குங்க" என்றேன். கேட்காமல் சுவரில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நோட்டீஸ் அனுப்பினேன். எதிர்த்துப் பேசாமல் காலி செய்தார்.

அவர் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, பக்கவாதத்தில் பேச்சு போன அப்பா ஜன்னலைப் பார்த்து ஓவென்று அழுதார்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் தெனமும் இப்படித்தான் அழுவாரு சார். என் மூஞ்சி தெரிஞ்சா அடங்கிடுவாரு. அதான் உடைச்சேன். கேக்காம செஞ்சது தப்புதான்" என்றார் சேகர்.

அப்பா அழுவார் என்பதே எனக்கோ என் மனைவிக்கோ தெரியாது. "இங்கேயே இருங்க" என்று சேகரின் கையைப் பிடித்தேன்.

"லாஸ்பேட்டையில கடை பேசிட்டேன் சார். அவர பாக்க வரேன்."

சொன்னபடி ஞாயிறுதோறும் வந்தார். மற்ற நாட்களில் அப்பா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஏன் உடைத்தீர்கள் என்று அன்றைக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.