மஞ்சள் சட்டை கடந்து போகும்வரை

முரியல் டிரான்டர் நாற்பத்திரண்டு வருஷமாகக் கடைசியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தில் முன்னால் பறக்கத் துடித்தவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், முட்டியைக் கெடுத்துக்கொண்டு போனார்கள். முரியல் மட்டும் வாரம் முழுக்க விதைக் கடையில் பட்டாணியும் பீன்ஸும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் கிளம்பிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒழியவில்லை என்பாள்.

அந்த மஞ்சள் சட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. 1946இல் முதல்முறை சங்கத்தோடு போனபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. தம்பியின் சைக்கிள், கால் எட்டாத உயரம். ஒரு நாற்சந்திக்கு வந்து பார்த்தால் முன்னால் போனவர்கள் ஒருவரையும் காணோம். எதிரி வந்து இறங்கினால் வழி தெரியக் கூடாது என்று போர்க்காலத்தில் பிடுங்கிய கைகாட்டிகளைத் திரும்ப நட அரசாங்கத்துக்கு இன்னும் நேரம் வந்திருக்கவில்லை. நாலு பக்கமும் வேலிச் செடிதான். அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளி வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு சங்கத்துக்கு வந்து எல்லாரையும் பிடிபிடி என்று பிடித்தாள். முன்னால் போகிற தலைவருக்கு அடுத்து வருபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் வருபவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் கடந்து போன பிறகுதான் முன்னால் விரைந்து தலைவரோடு சேர வேண்டும், அதுவரை நகரக் கூடாது. மழை வந்தாலும் சரி, மாடு வந்தாலும் சரி, நகரவே கூடாது.

"அப்ப கடைசி ஆள் யாரும்மா?" என்று யாரோ கிண்டலாகக் கேட்டார்கள்.

"நான்தான்" என்றாள் முரியல். அவளே மஞ்சள் துணி வாங்கிச் சட்டையும் தைத்துக்கொண்டாள்.

1987 குளிர்காலத்தில் அவளுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் திரும்ப சைக்கிள் ஏறினாள். அன்றைக்கு வானம் மூடிக்கிடந்ததால் ஐந்தே பேர். தலைவர் ஹேரால்ட், கசாப்புக் கடை நடத்தி ஓய்வு பெற்ற நார்மன், அவளுடைய உயிர்த்தோழி டோரீன், குழாய் ரிப்பேர் செய்யும் கிளிஃபர்ட், அப்புறம் இவள். ஆஷ்கோம்ப் கிராமத்தில் திருமதி பெவன் வீட்டு முன்னறையில் தேநீரும் உலர்பழக் கேக்கும் என்று ஏற்பாடு.

மேடு வரும்போதெல்லாம் இறங்கித் தள்ளினாள். முதல் திருப்பத்தில் நின்றிருந்த கிளிஃபர்ட் காலை மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பாகக் கையாட்டிவிட்டு முன்னால் விரைந்தார். அந்தச் சிரிப்புதான் முரியலைக் குத்தியது. ஒரு முகச்சுளிப்பு இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். என்னால்தானே இந்த மனுஷன் குளிரில் வெடவெடத்து நிற்கிறார், இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்படித்தானே என்று நினைத்தாள். ஆற்றோரம் வீட்டுக்குப் பிரியும் சந்து வந்தது. இனிமேல் வரப்போவதில்லை, நாளைக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து சந்தில் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தாள். தேநீரை ஊற்றிக்கொண்டு, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பளிச்சென்று மஞ்சள்.

"ஐயையோ, நார்மன்!" என்று கத்தியே விட்டாள்.

மஞ்சள் சட்டை இங்கே கிடக்கிறது என்றால் அது கடந்து போகும்வரை நகராதவர்கள் அங்கே நிற்கிறார்கள். அவள் வீட்டில் தொலைபேசி கிடையாது, இருந்தாலும் திருப்பத்துக்கு யார் போன் போடுவது? தேநீரை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. காலையில் தள்ளிக்கொண்டு போன மேட்டை இந்தத் தடவை இறங்காமலே ஏறினாள். ஏறியது அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த திருப்பம் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. நார்மன் மதில்மேல் காலரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மணி ஒன்று.

"சர்ச்சுக்குள்ள போன ஜனம் பூரா என்னப் பாத்துட்டுப் போச்சு. வெளிய வந்தப்பவும் பாத்துச்சு" என்றார். "பாதிரியார் வந்து, உள்ள வாங்க, கதகதப்பா இருக்குன்னாரு. டூட்டில இருக்கேன்னுட்டேன்."

"தேடி வந்திருக்கலாமே நார்மன்!"

"நகரக் கூடாதுன்னது யாரு? நான் ஒரு பக்கம் தேடிப் போக, நீ வேற பக்கமா வந்து இங்க ஆளில்லாம முழிக்கவா? என்ன ஆச்சு?"

"பஞ்சர்" என்றாள் முரியல், முகத்தைப் பார்க்காமல்.

"ரெண்டரை மணி நேரமா? நல்ல பஞ்சர்தான்." நார்மன் வழக்கம்போல ஏறி முன்னால் போய்விட்டார்.

அடுத்த திருப்பத்தில் டோரீன் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். காலையில் தொடங்கிய ஸ்வெட்டர் கை முடிகிற நிலையில் இருந்தது.

"சங்கிலி அறுந்துபோச்சுடி" என்றாள் முரியல்.

"நார்மன் பஞ்சர்னு சொல்லிட்டுப் போறான்?"

"அதுவுந்தான்."

டோரீன் ஊசிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, சரி. நேரம் சரியில்ல போலிருக்கு சைக்கிளுக்கு" என்று நூலைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைசித் திருப்பத்தில் கிளிஃபர்ட். ஒதுங்க ஒரு மரம் இல்லை, வேலிச் செடியும் ஒரு பண்ணைக் கதவும்தான். கதவைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"நான் வீட்டுக்குப் போயிட்டேன் கிளிஃபர்ட். இனிமே வர வேண்டாம்னுதான் போனேன். நீங்கள்லாம் எனக்காகக் குளிருல நின்னு சாகறத என்னால பாக்க முடியல. காலைல நீ கால உதறிட்டு நின்னியே."

கிளிஃபர்ட் திருதிருவென்று விழித்தார். "குளிருக்கு உதறுனேன்னா நெனச்ச? மூணு கப் காபி குடிச்சிட்டு வந்திருந்தேன். முட்டிக்கிட்டு வந்துச்சு, நகரவும் முடியல. உன் தலையக் கண்டதும் எனக்கு உசுரே வந்துச்சு, அதான் அப்படிச் சிரிச்சேன்."

முரியல் பண்ணைக் கதவில் சைக்கிளைச் சாய்த்தாள். "இப்ப?" என்று கேட்டாள்.

"இங்கதான் வேலி இருக்கே. திருப்பத்த விட்டு நகரக் கூடாதுன்னுதான ரூலு? வேலி திருப்பத்துலதான இருக்கு. போலாம் வா, பசி கொல்லுது."

திருமதி பெவன் வீட்டு வாசலில் ஹேரால்ட் நின்றிருந்தார். கடைசி ஆள் வந்ததும் தலைவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா முரியல்?"

இத்தனை வருஷமாக அவள் யோசிக்காமல் சொன்ன பதிலை அன்றைக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேருக்காக அவள் பின்னால் வந்தது போய், அவள் ஒருத்திக்காக நாலு பேர் காத்திருந்திருக்கிறார்கள். முணுமுணுக்காமல், நின்ற இடத்தை விட்டு நகராமல், அவள் வருவாள் என்று நம்பி. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வந்தாச்சு" என்றாள் ஒருவழியாக.

உள்ளே மேசையில் கேக் முழுசாக இருந்தது. "பதினோரு மணிக்கே வச்சேன்" என்று திருமதி பெவன் நொடித்தாள். "ஒரு துண்டாவது சாப்பிடுங்கன்னு கெஞ்சினேன். மனுஷன் கத்தியையே தொட விடல."

ஹேரால்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பேச்சு அதிகம் வராத மனிதர். "நாப்பத்தாறுல உன்ன நாலு ரோட்டுல விட்டுட்டு நாங்கள்லாம் போய் உக்காந்து கேக் தின்னோம்" என்றார். "உனக்குன்னு எடுத்து வச்ச துண்டு இருந்துச்சு. அவ இனி எங்க வரப்போறான்னு அதையும் நான்தான் தின்னேன். இத்தன வருஷமா உங்கிட்ட சொல்ல வாய் வரல." கத்தியை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார். "அடுத்த வாரம் வருவல்ல?"

"வராம? உங்கள யாரு எண்ணுறது?" என்றாள் முரியல்.

கேக் கோணல்மாணலாகத்தான் வெட்டுப்பட்டது. ஐந்து துண்டும் ஐந்து அளவு. ஹேரால்ட் தட்டை நீட்டி, இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொண்டார்.