அப்பா காட்டிய குறுக்கு வழி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றியது. வியாழக்கிழமை மாலை. நான் குறட்டால் கழற்றினேன். அவர் டோர்ச் பிடித்தார். நான் பார்க்கும் இடத்தில் பிடிக்கவில்லை, தான் சரியென்று நினைத்த இடத்தில் பிடித்தார். அந்த வாரம் முழுவதும் எனக்கு அவர் மேல் கோபம். அதனால் இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசவில்லை.

அப்பா பெயர் கறுப்பையா. ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் கண்டிக்கு வந்து, வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் நடந்தார். எந்த வீட்டுப் பின்படி எந்த வீதியில் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். வீதியோடு சுற்றிப் போகிறவர்கள் அவர் கணக்கில் விவரம் தெரியாதவர்கள். ஓய்வுபெற்ற பிறகும் என்னோடு பஸ்ஸில் வரமாட்டார். குறுக்கு வழியில் நடந்தே எனக்கு முன்னால் போய் நின்று, மணியைப் பார்க்கச் சொல்வார்.

அக்காவின் மகள் யசோதினிக்குப் பதினைந்து வயது. கல்வி வலயப் பாடசாலைகளின் நகர்வல ஓட்டம் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டி வத்தேகமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. முதல் ஆறு பேர் மாகாணப் போட்டிக்குப் போகலாம். அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. உற்சாகப்படுத்த அப்பாவும் நானும் பாதி தூரத்தில் ஒரு திருப்பத்தில் நின்றோம்.

அவள் நான்காவதாக வந்தாள். அதுவே போதும். நான் கைதட்டினேன். அப்பாவுக்குப் போதவில்லை.

"ஏ புள்ள, அங்கிட்டு ஏன் சுத்துற? இந்தப் படியில ஏறு."

எங்கள் வீட்டில் அப்பா வழி சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவள் தேயிலைக்கு நடுவே போகும் படியில் ஏறிவிட்டாள். வீதி வழி எழுநூறு மீற்றர். படி வழி இருநூறுகூட வராது.

முதலாவதாக வந்து சேர்ந்தாள். வீதியின் மேல் வளைவில் ஒவ்வொருவருக்கும் கையில் மாட்டிவிடும் ரப்பர் பட்டி அவள் கையில் இல்லை. பெயரை நீக்கினார்கள்.

"மொதல்ல வந்து சேந்தவதானே மொதல்?" என்று அப்பா என்னிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன அண்ணே, புள்ளைய மீட்டர் பாக்கவா அனுப்புனீங்க?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். யசோதினி சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய விளையாட்டு ஆசிரியை பாயிஸா டீச்சர் அன்றிரவே போன் எடுத்தார். வேண்டுமென்று ஏமாற்றியதாக முடிவானால் இரண்டு வருடத் தடை வரும். வழி சொன்னவர் அதை எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வலய அலுவலகத்தில் கொடுத்தால் தப்பலாம் என்றார்.

ஒரு வரிக் கடிதம். திங்கட்கிழமை அப்பா, அது எல்லோரும் நடக்கிற படி என்று வாதாடினார். செவ்வாய்க்கிழமை, அந்தச் சட்டமே பைத்தியக்காரத்தனம் என்றார். நான் தட்டச்சு செய்து தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். மறுத்தார். புதன்கிழமை அக்கா அழுதாள். அவர் எழுந்து நடக்கப் போய்விட்டார்.

வியாழன், குழாய் வேலை முடிந்து கை கழுவும்போது கடைசியாகக் கேட்டேன். "பிழைன்னு எழுத ஏம்ப்பா இவ்வளவு கஷ்டம்?"

"எழுதிட்டேன்."

"குடுங்க, காலையில நான் கொண்டு போறேன்."

"வேணாம். நான் செஞ்சதுக்கு நான்தான் போய் நிக்கணும்."

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அலுவலகம் திறக்கும்போது அவர் உயிரோடு இல்லை. அன்று கடிதம் யாருக்கும் நினைவில்லை. ஞாயிறு அடக்கம் முடிந்த பிறகுதான், அலுவலகத்துக்குப் போட்டுப் போக அவர் கதிரையில் மடித்து வைத்திருந்த சேர்ட்டின் பையிலிருந்து அதை எடுத்தேன். பிள்ளை மேல் பிழை இல்லை, வழி சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உறையில் அலுவலக விலாசம் இருந்தது. முத்திரை ஒட்டியிருக்கவில்லை.