மத்தாப்புப் பெட்டியில் இருந்த பிள்ளை

பேய், ஜின் என்று யாராவது கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். விருதுநகரில் எங்கள் தெருவில் மஹ்ரிபு தொழுகைக்கான அந்தி நேரத்தில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்காதே என்று மாமி சத்தம் போடுவார்கள், நான் வேண்டுமென்றே போய் நிற்பேன். அத்தாவுக்கு பஜாரில் வத்தல் வியாபாரம், இந்த மிளகாய் நெடிக்கு எந்த ஜின் தாக்குப்பிடிக்கும் என்று கேலி செய்வார், எனக்கும் அதே வாய்தான். போதாததற்குப் படித்தது கம்ப்யூட்டர். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் நடுராத்திரியில் சுடுகாட்டுப் பக்கம் எல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஏசி ரூமில், கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுச்சேலையோடு நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தேன். லேபிள் டிசைன் போடுவதும் நான்தான், அங்கிருந்த கம்ப்யூட்டர்களுக்குச் சளி காய்ச்சல் வந்தால் வைத்தியம் பார்ப்பதும் நான்தான். டிசைன் ரூமின் மூலையில் இரும்பு பீரோ மாதிரி ஒரு ஸ்டோரேஜ் பெட்டி நிற்கும், உள்ளே வரிசையாக ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனி டிரைவ் இருப்பது போலத் திரையில் தெரியும், ஆனால் நிஜத்தில் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் பங்கு பிரித்துக் கொடுத்த இடம்தான், ஒயர் வழியாக வந்து போகும். தீபாவளி சீசன் நேரத்தில் ஃபைல்களை எழுதுவதும் அழிப்பதும் கிடைத்த சந்தில் திணிப்பதுமாக இருக்கும், அதனால் ஒரே ஃபைல் பத்துத் துண்டாகச் சிதறிக் கிடக்கும். கல்யாண வீட்டில் இடம் பத்தாமல் ஒரு வீட்டுப் பிள்ளைகளையே தெருவில் ஆளுக்கொரு வீட்டில் படுக்க வைப்பார்களே, அப்படி. காலையில் எல்லாரையும் தேடிக் கூட்டி வருவதற்குள் பொழுது போய்விடும், ஃபைல் திறப்பதும் அப்படித்தான் இழுக்கும். டிஃப்ராக் என்பது அந்தச் சிதறலை எல்லாம் கூட்டி வந்து ஒரே இடத்தில் வரிசையாக வைப்பது. ஞாயிறு தோறும் கம்பெனி லீவில் அது தானாக ஓடும்படி நான்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கம்பி மத்தாப்பு லேபிள் போட்டேன். சினிமா நடிகை படமெல்லாம் வேண்டாம், பிள்ளை படம் போதும் என்று அந்த முதலாளி, ஆயுத பூஜை அன்று தன் கம்பெனிக்கு அம்மாவோடு வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கையில் மத்தாப்பு கொடுத்து நிற்க வைத்து, ஒரு போட்டோகிராபரை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். நல்ல கறுப்பு. நெற்றியில் புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு ஒன்று குழியாக இருந்தது. முன்பல் விழுந்து ஓட்டை. லேபிளில் இப்படியா போடுவது? நாங்கள் யாரையும் இருக்கிறபடி போடுவதில்லை, அது அந்தத் தொழிலில் பழக்கம். தழும்பை அழித்தேன், பல்லை அடைத்தேன், கண்ணைப் பெரிதாக்கினேன், தோலைப் பால் ஊற்றிய மாதிரி வெளுக்க வைத்தேன். எங்கள் மேனேஜர் வேலுச்சாமி அண்ணாச்சி பார்த்துவிட்டு, டெல்லிக்காரப் பிள்ளை மாதிரி இருக்கு என்று மெச்சினார். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பொம்பளை டிசைன் ரூமுக்கு வந்து கதவோரம் நின்றார். பேர் காளியம்மாள், அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புப் பெட்டி அடுக்குகிற வேலை. அந்தப் பிள்ளையின் அம்மா. பிள்ளை பேர் முத்துமாரி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளையாம். போட்டோ எடுத்து இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோய்விட்டாள். வீட்டில் வேறு போட்டோ கிடையாது, பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறாள். லேபிளில் இருப்பது உன் மகள்தான் என்று யாரோ முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த அக்கா என் முன்னால் மத்தாப்புப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுச் சொன்னார்.

"நாந்தான் தாயி தெனமும் இந்தப் பெட்டிய அடுக்குறேன். மாசக்கணக்கா அடுக்குறேன். எம்புள்ளன்னு எனக்கே தெரியலயே."

அழவில்லை. நெற்றியில் ஆத்தா தொட்ட தழும்பு இருக்கும், அதோட இருக்கிற படம் ஒன்று வேண்டும், வருஷம் திரும்புகிறபோது வைத்துக் கும்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

போட்டோகிராபர் தன்னிடம் இருந்ததை எப்போதோ அழித்துவிட்டார். எங்களிடம் இருந்த போட்டோவை இடம் பத்தவில்லை என்று இரண்டு நாளுக்கு முன்புதான் நானே அழித்திருந்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் அழித்தது உடனே போய்விடாது. அது இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்காருகிற வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும், பேர் மட்டும்தான் போயிருக்கும், அதற்கென்று இருக்கிற மென்பொருளைப் போட்டுத் தோண்டி எடுத்துவிடலாம். அதை அந்த அக்காவிடம் சொன்னேன். திங்கட்கிழமை வாங்க, எடுத்துத் தருகிறேன் என்றேன். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை வேலை நெருக்கியது, தோண்டுகிற வேலையைத் திங்கள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு விருதுநகரில் என் மாமா மகளுக்கு நிக்காஹ். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சோற்றில் கை வைக்கப் போகும்போதுதான் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை. டிஃப்ராக் ஓடிக்கொண்டிருக்கும். சிதறிக் கிடக்கிற ஃபைல்களை எல்லாம் அது எங்கே கொண்டுபோய் வரிசையாக வைக்கும்? காலியாக இருக்கிற இடத்தில்தான். அந்தப் பிள்ளை கிடந்த இடமும் கணக்குப்படி காலி இடம்தான்.

வாட்ச்மேனுக்கு போன் போட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. ஆனால் ஓடும்போது கரண்ட்டை நிறுத்தினால் சீசன் ஃபைல் ஏதாவது உடைந்து போகலாம், அப்புறம் அண்ணாச்சி என்னை உரித்து உப்புத் தடவிவிடுவார். அதனால் போன் போடவில்லை. நேரில் போய் நிதானமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்படியே எழுந்து கை கழுவிவிட்டு பஸ் ஏறினேன். திருத்தங்கல் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அந்த கேட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தபோதும் போன் மடியில்தான் இருந்தது.

போனபோது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்தக் காலத்து டிஃப்ராக்கை ஓட்டியவர்களுக்குத் தெரியும், திரையில் ஒரு பட்டை வரும், சிதறிய ஃபைல் சிவப்புக் கோடு, ஒழுங்கானது நீலம், காலி இடம் வெள்ளை. எனக்கு வேண்டியிருந்த வெள்ளை எல்லாம் நீலமாகிவிட்டது. நடுவில் மெல்லிசாக ஒரே ஒரு சிவப்புக் கோடு, அது மட்டும் நகரவே இல்லை. நிறுத்தினேன். தோண்டுகிற மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது என்ன ஃபைல் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தால், அதே மத்தாப்பு லேபிள். மறுநாள் காலையில் பெரிய பெட்டி அளவுக்கு அச்சடிக்க பிளேட் போட வேண்டிய ஃபைல். திறந்தேன்.

நம்பினால் நம்புங்கள். என் டிசைன் அப்படியே இருக்கிறது, எழுத்து, பூ, பொறி எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது, முகம் மட்டும் நான் போட்ட முகம் இல்லை. அந்தப் பிள்ளையின் சொந்த முகம். கறுப்பு, குழித் தழும்பு, சின்னக் கண். மேல் வரிசையில் ஒரு பல் பாதி முளைத்திருந்தது. அந்த ஃபைலில் பழைய முகம் இருக்கவே வழியில்லை, அடியில் இருந்த போட்டோ, மேலே போட்ட திருத்தம் எல்லாவற்றையும் ஒரே படமாக ஒன்றாக்கி மூடி வைத்தவள் நான்.

அப்போது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கண்ணீர் விட்டு ஒரு பிரிண்ட் எடுத்திருக்க வேண்டும். அந்த அம்மாவைத் தேடி ஓடியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, ஐயோ ஃபைல் கெட்டுப்போச்சே, காலையில் பிளேட்டுக்குப் போகணுமே என்பதுதான். அந்த நிமிஷம் அது பிள்ளையாகவே படவில்லை, கெட்டுப்போன லேபிளாகத்தான் பட்டது. கை தானாக மவுஸுக்குப் போய்விட்டது. முதலில் தழும்பை அழித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் திரும்ப அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைக்கக்கூட எனக்குப் புத்தி இல்லை, எரிச்சல்தான் வந்தது. விடாமல் அழித்தேன், ஒரு வழியாகப் போனது. அப்புறம் பல், கண், தோல். பழகிய கை, வேகமாக முடித்துவிட்டது. சேவ் செய்து மூடிவிட்டு, சேலையை உதறி எழுந்தேன். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. திரும்பத் திறந்தேன். டெல்லிக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. எத்தனை தரம் மூடித் திறந்தாலும் அதுதான்.

திங்கட்கிழமை காளியம்மாள் அக்கா வந்தார். போட்டோ போய்விட்டது என்றேன். தலையை ஆட்டினார், எதிர்பார்த்து வந்த மாதிரி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான்தான் கடைசியாகப் பார்த்தேன் என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை, நேற்று ஒரு தடவை வந்துச்சுக்கா, நான் பார்த்தேன், என்று சொல்லிவிட்டேன். எப்படி இருந்தாள் என்று கேட்டார். தழும்பைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், பாதி முளைத்த பல்லைச் சொன்னேன்.

அந்த அக்கா என்னையே பார்த்தார்.

"போட்டோ புடிக்கையில அவளுக்குப் பல்லு ஓட்டையாவுல்ல இருந்துச்சு. பல்லு மொளச்சது காய்ச்சல்ல படுக்குறதுக்கு முந்தி. பாதிதான் வந்துச்சு, கண்ணாடியில பாத்துக்கிட்டே கெடப்பா."

நான் பார்த்தது போட்டோவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சில நாள் கழித்து ஸ்டோரேஜ் பெட்டிக்கு சர்வீஸ் பார்க்க மதுரையில் இருந்து வந்த இஞ்சினியரிடம், யாருக்கோ நடந்த மாதிரி இதைக் கேட்டேன். பழைய துண்டு ஏதாவது இடம் மாறி வந்து ஒட்டியிருக்கும் மேடம் என்று சிரித்தார். ஒட்டட்டும். எடுக்காத போட்டோவின் துண்டு எங்கிருந்து வரும்? அதை அவரிடம் கேட்கவில்லை.

"எங்கிட்ட வரல, ஒங்கிட்ட வந்துருக்கா" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. "நீ என்ன செஞ்ச தாயி?"

பொய் வாயில் வரவில்லை.

"சரி பண்ணிட்டேங்க்கா."

"சரி பண்ணுறதுக்கு எம்புள்ள மொகத்துல என்ன தப்பு இருந்துச்சு?"



ஆனாலும் அவர் என்னை ஒதுக்கிவிடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அந்த வாரமே அவர் தெருவில் இருந்த ஓர் ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டி வந்தார், கடைச் சுவரில் விளம்பரம் எழுதுகிறவர், நல்ல கைக்காரர். நீ பார்த்தவளைச் சொல்லு, இவுக வரையட்டும் என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் போட்டார். நெற்றி, கண், கன்னம், ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சொன்னேன், எல்லாம் என் கண் முன்னால் இருப்பது போலத்தான் இருந்தது. முடித்துத் திருப்பிக் காட்டினார். மத்தாப்புப் பெட்டி. பெரிய கண், உப்பிய கன்னம், அதே சிரிப்பு. இல்லை இல்லை என்று அடுத்த தாளில் ஆரம்பித்தோம். அதிலும் அதுதான் வந்தது. நீங்க சொல்றதத்தான போடுறேன் என்று ஆர்ட்டிஸ்ட் சங்கடப்பட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்றாவது தாளை அந்த அக்கா கையில் வாங்கி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தழும்பைச் சொன்ன இடத்தில்தான் வரைந்திருந்தார், அப்படியும் அது முத்துமாரி இல்லை.

"இது யாரு புள்ள தாயி?" என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியலக்கா என்றேன்.

அடுத்த மாதமே வேலையை விட்டேன். இப்போது என் மகளுக்கு அந்த வயது. நான் கண்ணை மூடி முத்துமாரியை நினைக்கப் பார்க்கிறேன், ஒரே ஒரு தடவை அந்த முகம் வந்தால் போதும், எப்படியாவது அந்த அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். வருவது அந்த வெள்ளைப் பிள்ளைதான், யாரும் பெறாத பிள்ளை. கூப்பிடாமலே வருகிறது, இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.