மகளைப் பாராட்டினால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடிக்குப் போயிருந்தேன். என் சித்தி மகன் செல்வம் அங்கே தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். அவன் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. வழியில் மண்டியில் இறங்கினேன்.

உள்ளே லோடுமேன்கள் நாலைந்து பேர் செல்வத்தின் செல்போனைச் சுற்றி நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். அவன் மகள் தர்ஷினி, ஒன்பதாவது படிக்கிறவள், கிரவுண்டில் ஓடிவந்து நீளம் தாண்டுகிறாள். ஜோனல் போட்டியாம். முதலிடமாம்.

“பாத்தியாக்கா... காலு தரையிலயே படல. அப்படியே மான்குட்டி!”

“காலையிலேருந்து இதே படத்தத்தான் ஓட்டிக்கிட்டிருக்காருங்க” என்றார் ஒரு லோடுமேன்.

கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அவன் பைக்கிலேயே வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது தர்ஷினிதான்.

“ஜோனல்ல ஃபர்ஸ்ட்டாமே! சபாஷ்டி” என்றேன்.

அவள் வாய் திறப்பதற்குள் செல்வம் முந்திக்கொண்டான். “அட, நீ வேறக்கா! காலையில எந்திரிக்கவே எட்டு மணியாகுது. இவ தாண்டிக் கிழிச்சா, போ!”

இதே வாய்தானே கொஞ்சம் முன்னால் மான்குட்டி என்றது?

பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. “நாளைக்குப் புதுக்கோட்டையில டிஸ்ட்ரிக்ட் மீட் அத்தை. நான் வரலைன்னு பி.டி. மிஸ்கிட்டச் சொல்லிட்டேன்.”

“ஏன்டி?” — செல்வம் அதிர்ந்துபோனான்.

“எனக்குத்தான் ஒண்ணும் வராதே. நீங்கதானப்பா வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றீங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எடுறா அந்த செல்போனை! மண்டியில ஊருக்கே காட்டின வீடியோவ இவளுக்குக் காட்டு.”

நெளிந்தான். கொடுத்தான். அவள் வீடியோவை ஓடவிட்டாள். அதில் அவள் ஓடி வருகிறாள்... கூடவே ஒரு குரல் தொண்டை கிழியக் கத்துகிறது. “ஓடு தாயி... தாண்டு தாயி... ஏய்ய்!”

செல்வத்தின் குரல். கம்பி வேலிக்கு வெளியே நின்று எடுத்திருக்கிறான்.

“வந்திருந்தீங்களாப்பா? லோடு வருது, வர முடியாதுன்னீங்க?”

“அது... லாரி லேட்டு. சும்மா அங்கிட்டு வந்தேன்.”

“அப்ப... நான் நல்லாத் தாண்டுறேனாப்பா?”

அவன் என்னைப் பார்த்தான். “என்னைய என்னடா பாக்கிற? அவளைப் பாத்துச் சொல்லு” என்றேன்.

“நல்லாத் தாண்டுற தாயி.” இதைச் சொல்ல அவன் பட்ட பாடு! அடுத்தது தானாக வந்தது. “மிஸ்ஸுக்கு போன் போடு. நாளைக்கு எங்கப்பா கூட்டிட்டு வாராருன்னு சொல்லு.”

கேட்கிறேன். பிள்ளையின் பெருமை ஊருக்கெல்லாம் தெரிகிறது, பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. இது என்ன வளர்ப்பு? ஃபீஸ் கட்டுகிறோம், டிரெஸ் எடுத்துக் கொடுக்கிறோம், அதுவே போதும் என்று நினைப்பா? போதாது. தோசையைத் தட்டில் போடும்போது ‘இன்னைக்கு எதுக்குச் சிரிச்சே?’ என்று கேளுங்கள். பிள்ளை பேச வந்தால் டிவியை நிறுத்துங்கள். யாராவது உங்கள் பிள்ளையைப் புகழ்ந்தால் ‘அட, நீங்க வேற’ என்று பாயாமல் ‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதுவும் பிள்ளை காதில் விழுகிற மாதிரி!

என்ன... கண் பட்டுவிடும் என்கிறீர்களா? வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் உப்பு மிளகாய் சுத்திப் போடுங்களேன்!