பின்மூடியில் வெட்டிய இரண்டு எழுத்து

ஒரு கடிகாரத்தை முன்பு கட்டியிருந்தவர் யார் என்பதற்காகவே அதன் மதிப்பு ஏறும் என்று கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தட்டி அடைத்த குட்டி அறைகள். பக்கத்து அறைகளில் முகம் தெரியாதவர்களோடு சாட்டிங் நடந்துகொண்டிருக்கும். நான் விண்வெளி வீரர்களின் பழைய கைக்கடிகாரப் படங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வேகத்தில் படம் வரி வரியாகத்தான் வரும். முதலில் பட்டையின் மேல்நுனி, பிறகு விளிம்பு, அப்புறம் கறுப்பு முகம், அதற்குள் மூன்று குட்டி வட்டங்கள். பாதியில் லைன் போய்விட்டால் பாதிக் கடிகாரத்தோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்தக் கடிகாரங்களில் பேட்டரி கிடையாது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பூமியில் ஒருவர் இரண்டு விரலால் சாவி கொடுத்திருக்கிறார். அந்தச் சுருள்வில், எடை என்பதே இல்லாத இடத்திலும் தன் பாட்டுக்கு அவிழ்ந்து முள்ளைத் தள்ளியிருக்கிறது. மேல்மூடியும் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். கண்ணாடி நொறுங்கினால் தூள் கீழே விழாமல் மிதக்கும், கண்ணில் போகும், மூச்சில் போகும். பிளாஸ்டிக் கீறும், ஆனால் தூளாகாது. இப்படி யோசித்து யோசித்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல் எனக்கு ஒருவிதக் காதலே வந்துவிட்டது.

கைக்கெட்டியதைச் சேர்க்கவும் ஆரம்பித்தேன். மாமல்லபுரம் கடற்கரைத் தெருவில், வெளிநாட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போகும் புத்தகம், முதுகுப்பை, ஷூ எல்லாம் விற்கும் கடைகளில் சில சமயம் பழைய கடிகாரமும் கிடைக்கும். அப்படி ஒரு தடித்த ஆண்கள் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு அலைந்தேன். மணிக்கட்டைவிட அது அகலமாக இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

இணையத்தில் சேகரிப்பாளர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஐரோப்பாவில் எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், இந்த மாதிரிக் கடிகாரங்களை மதிப்பிடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர், என் அவசரக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுவார். பளபளவென்று இருந்தால் முதலில் சந்தேகப்படு என்பார். பாலிஷ் போட்டது, முள் மாற்றியது, எழுத்தை அழித்தது எல்லாம் அவருக்கு ஒரே பாவம். கடிகாரமும் உண்மையாக இருக்க வேண்டும், அதைக் கட்டியவரும் உண்மையாக இருக்க வேண்டும். அது போதாது, இரண்டையும் சேர்க்கிற கயிறு ஒன்றும் வேண்டும் என்பார். அந்தக் கயிறு பெரும்பாலும் பின்மூடியில்தான் இருக்கும், பெயராகவோ நன்றி வாசகமாகவோ.

இதையெல்லாம் நான் தலைகீழாகப் பாடம் பண்ணி வைத்திருந்த சமயத்தில்தான், என் கைக்கடிகாரத்தைப் பார்த்து டிரைவர் அண்ணன் பேச்சை ஆரம்பித்தார்.

நாங்கள் அணுபுரம் குடியிருப்பில் இருந்தோம். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் மாமல்லபுரம் ஸ்டாண்டிலிருந்து அவருடைய வெள்ளை அம்பாசிடரைத்தான் அப்பா வரச் சொல்வார். கோவளத்துக்காரர். அதிகம் பேசாமல் ஓட்டுவார். ஸ்டாண்டில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்றைக்கு அப்பா முன்சீட்டில் இருந்தார். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னா பாப்பா, ஆம்பள வாட்ச் கட்டிகினு கீற?"

கேட்டதுதான் தாமதம். கடிகாரம், விண்வெளி, சுருள்வில் என்று திருப்போரூர் வரும்வரை பேசினேன். அங்கே அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, டாஷ்போர்டிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினார். "இந்த மாதிரியா?"

கறுப்பு முகம், மூன்று குட்டி வட்டங்கள். புள்ளிகளில் தடவிய ஒளிர்பூச்சு வெல்லக் கலருக்கு மாறியிருந்தது. வரி வரியாக நான் இறக்கிப் பார்த்த அதே கடிகாரம் முழுசாக என் உள்ளங்கையில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தது அவருக்குப் புதிது.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வயதான அமெரிக்கர், மனைவியோடு வந்து, ஒரு வாரத்துக்கு மேல் இவர் வண்டியிலேயே கோயில் கோயிலாகச் சுற்றியிருக்கிறார். இளமையில் விண்கலத்தில் மேலே போய்ப் பூமியைச் சுற்றிவிட்டு வந்தவர் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். கிளம்பும் அன்று அமெரிக்கர் தன் கையிலிருந்ததைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவர் சந்தோஷமாக ஸ்டாண்டில் வந்து சொன்னார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ராக்கெட்.

"விக்கணுமா அண்ணா? இது நிஜம்னு தெரிஞ்சா எவ்வளவோ பேர் கேப்பாங்க," என்றேன்.

"விக்கறதுக்கா காட்னேன்? நம்பறதுக்குக் காட்னேன். ஸ்டாண்டுல சிரிக்கறானுங்க, போவட்டும். இப்ப என் பொண்ணே ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லாதப்பான்றா. நம்ம அப்பன் புளுகுறான்னு அதுக்கு ஒரு நெனப்பு வந்துடுச்சு."

நான் தெம்பாகத்தான் இருந்தேன். கயிறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. கடிகாரத்தைத் திருப்பினேன்.

பின்மூடியில் பொடிப் பொடிப் புள்ளியாக இரண்டு தமிழ் எழுத்து, நடுவே ஒரு முற்றுப்புள்ளி. எங்கள் வீட்டு சில்வர் டம்ளர் அடியில் இருப்பதுபோலவே.

"முன்னாடி இங்கிலீஷ்ல இன்னாவோ நாலு வரி இருந்துச்சு," என்றார் அண்ணன். "வூட்ல தான் குடுத்து வெட்டிகினு வந்துச்சு."

மறுவாரமே கோவளத்தில் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். அண்ணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பழைய எழுத்தை ஏன் அழித்தீர்கள் என்று கேட்டதற்குக் கையைக் கழுவாமலே பதில் சொன்னார். "பின்ன? வண்டி கழுவ சொல்லோ கழட்டி வெச்சுட்டு மறந்துட்டு வந்துருவாரு. செங்கல்பட்டுல பாத்திரக் கடையில பேர் வெட்றவன்கிட்ட குடுத்தேன். எடமே இல்லக்கான்னான். பழச தேச்சுட்டு நம்ம பேர போடுடான்னேன். எவனோ பேரு நமக்கு இன்னாத்துக்கு?"

"அந்தப் பேருதான் அண்ணி எல்லாமே."

"அட, நீ வேற. அப்பால ஒரு நாளு முட்டுக்காடு போட் ஹவுஸ்ல கை கழுவற எடத்துல வெச்சுட்டு வந்துட்டாரு. அங்க கேன்டீன் ஆளு இந்த எழுத்த பாத்துட்டு, இது நம்ம பக்கத்து ஆளுதுன்னு ஸ்டாண்டு ஸ்டாண்டா கேட்டுகினு வந்து குடுத்தான். உன் இங்கிலீஷ் பேரு இருந்தா குடுத்திருப்பானா?"

இங்கிலீஷ் எழுத்து அழிந்ததால்தான் கடிகாரத்தின் சரித்திரம் போனது. தமிழ் எழுத்து வெட்டியதால்தான் கடிகாரமே போகாமல் இருந்தது. குழுவில் யாருக்கும் இப்படி ஒரு கணக்கு தெரிந்திருக்காது.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று துருவியதில், சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் சட்டத்துக்குள் செருகி வைத்த ஒரு போட்டோ கிடைத்தது. புலிக்குகை முன்னால் அம்பாசிடரில் சாய்ந்தபடி உயரமான வழுக்கைத் தலை மனிதர், பக்கத்தில் தொப்பி வைத்த அம்மாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள். பெயர் கேட்டால் அண்ணன், "சார்னு தான் கூப்டேன்," என்றார்.

போட்டோவையும் பின்மூடியையும் ஸ்கேன் பண்ணி ஐரோப்பியப் பெரியவருக்கு அனுப்பினேன். பின்மூடியைப் பார்த்ததும் சற்று நேரம் எழுந்து போய்த் தோட்டத்தில் நின்றதாக எழுதினார். போட்டோவுக்கு மட்டும் ஒரே வரி. இந்த முகத்தை நான் அறிவேன், அவரிடமே கேட்கிறேன். கடிகாரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கு முகங்களும் மனப்பாடம் என்று அப்போதுதான் புரிந்தது. எப்பேர்ப்பட்ட படிப்பு அது.

அடுத்த கடிதத்தில், அந்த மனிதர் எழுதித் தருவதைவிட டிரைவரிடம் நேரில் பேச ஆசைப்படுகிறார், போன் நம்பர் வேண்டும் என்று கேட்டிருந்தார். அண்ணன் வீட்டில் போன் இல்லை. ஸ்டாண்டை ஒட்டிய டிராவல்ஸ் கடையின் நம்பரைக் கொடுத்தோம்.

சொன்ன நாளில், சாயங்காலம், டிரைவர்கள் ஒருவர்கூட சவாரிக்குப் போகவில்லை. அண்ணி மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் போனில் ஸ்பீக்கர் பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லோரையும்விட ஜாஸ்தியாக வாயடிக்கும் வேன் டிரைவர், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "இன்னா ராக்கெட்டு, கால் பூமியிலேர்ந்து வருதா, மேலேர்ந்து வருதா?" என்றார். அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது. போன் வராவிட்டால் இந்த மனிதர் நாளைக்கு இங்கே எப்படி வண்டி போடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது.

கரகரவென்ற கிழட்டுக் குரல், மெதுவான ஆங்கிலத்தில், வெள்ளை வண்டி டிரைவர் இருக்கிறாரா என்று கேட்டது.

"யெஸ் சார். மீ ஒன்லி சார்."

வாட்ச் ஓடுகிறதா என்றது குரல்.

"டெய்லி கீ கிவிங் சார்."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, ஐயா, இது உங்களோடு மேலே வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். மேலே கட்டிக்கொண்டு போனது அரசாங்கத்தின் சொத்து, இறங்கியதும் வாங்கிக்கொண்டார்கள். அதேபோல் ஒன்று வேண்டும் என்று சொந்தக் காசில் வாங்கியது இது. பின்னால் இருப்பது என் நண்பர்கள் வெட்டிக்கொடுத்த வாசகம் என்றார். நான் தமிழில் சொன்னதும் வேன் டிரைவர் நிமிர்ந்தார்.

"அப்போ வாட்ச்சு மேல போவல?"

"வாட்ச்சு போச்சுன்னு நான் எப்ப மச்சான் சொன்னேன்?" என்றார் அண்ணன், போனை விட்டுத் தலையைத் திருப்பாமலே. "ஆளு போனாருன்னு தான் சொன்னேன்."

பின்மூடி விஷயத்தை நானே தயங்கித் தயங்கிச் சொன்னேன். இப்போது யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். டிரைவர் பெயர் என்றேன். அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தியா, என்பது முழுசாக இருந்தது.

பிறகு அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். காஞ்சிபுரம் போன அன்று, குழிக்குள் குழியாக இருந்த அந்தச் சாலையில் எனக்கு வயிற்றைப் புரட்டி, வண்டிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டேன். மேலே போனபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் டிரைவர் முகம் சுளிக்காமல் வண்டியைக் கழுவி, எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்புத் தொட்டுக் கொடுத்தார். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லி என்னைக் கேலி பண்ணுகிறாள்.

கடைக்காரர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே கடை சிரிப்பில் அதிர்ந்தது. போனுக்குள் இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் மட்டும் சங்கடத்தோடு, "நோ சார், நோ டெல்லிங் எனிபடி சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

போனை வைத்த பிறகு வேன் டிரைவர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணாத்த," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அண்ணனுக்கு வந்து நான் கேட்டதில்லை. "இத்தினி வருசமா வாட்ச்ச காட்டி காட்டி பேஜாராயிட்டியே. ராக்கெட்டுல போனவன் நம்ம ரோட்டுல வாந்தி எடுத்தான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே நம்பியிருப்போமே. இத எவன் இட்டுக்கட்டுவான்?"

"தெரியும் மச்சான்."

"அப்போ ஏன் சொல்லல?"

"அவரு என் வண்டியில வந்தவரு. வண்டிக்குள்ள ஒருத்தருக்கு முடியாம போனத வெளிய வந்து சொல்லிக் காட்டலாமா? அவரா சொன்னாரு, இப்ப சரி."

வேன் டிரைவர் தலையை ஆட்டினார். அண்ணனின் மகள் அப்பா கையைப் பிடித்துத் திருப்பி, கடிகாரத்தைத் தன் காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு, காஞ்சிபுரத்துக்கு முன்னால் அவர்கள் எங்கெங்கே போனார்கள் என்று முதல் நாளிலிருந்து சொல்லச் சொன்னாள். டிரைவர்கள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.