மாமா செய்த நீலத் தொட்டில்

போன மாதம் என் மகள் தன் குழந்தைக்குக் கடையிலிருந்து ஒரு தொட்டில் வரவழைத்தாள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் விழுந்தது ஒரு காகிதம். கம்பிக்கும் கம்பிக்கும் இவ்வளவு இடைவெளிதான் இருக்கலாம், உள்ளே தலையணை கூடாது, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. மகள் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எழுதின ஆபீசில் எங்கள் அத்தை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு கறாராக வராது.

எழுபதுகளில் நாங்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயதில் தம்பி பிறந்தான். அவன் பிறந்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவேயில்லை. பாயில் அவனைக் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் அவன் மூக்கருகே புறங்கையை நீட்டுவாள். ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்குத் தலைவாரிவிடக்கூட நேரமில்லாமல் அப்படி என்ன ஈ என்று கோபம் கோபமாக வரும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, செங்கல்பட்டில் கிரில் கேட் செய்கிற பட்டறையில் வேலை செய்தார். ஒரு நாள் வந்து அக்காவின் கண்ணுக்குக் கீழே கிடந்த கருப்பைப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் தானே செய்த இரும்புத் தொட்டில் ஒன்றை, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வானநீலப் பெயிண்ட். நான்கு முனையிலும் பித்தளைக் குமிழ். சேலையில் கட்டின ஏணையைத் தவிர வேறு எதையும் கண்டிராத எங்கள் குப்பம் முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. "பஸ்ல கண்டக்டரே கேட்டாங்க்கா, தொட்டில் கீது, கொயந்த எங்கன்னு" என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குமிழ்களைப் பாவாடையால் துடைத்துத் துடைத்தே ஓய்ந்துபோனேன்.

தொட்டிலில் போட நல்ல நாள் பார்த்தார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி முதலில் பிள்ளையைப் போடக்கூடாது. வீட்டு அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, துணி சுற்றி, குழந்தையைப் போலவே தொட்டிலில் கிடத்தி மூன்று முறை ஆட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் பிள்ளை. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "கல்லு பட்டா பெயிண்ட் பூடும்" என்று என்னிடம் முணுமுணுத்தார். முணுமுணுத்ததோடு அவர் நிறுத்திக்கொண்டார். காரியத்தைச் செய்தவள் நான். விழா அன்று காலையில், தூக்க முடியாத குழவியை உருட்டிக்கொண்டே போய், வீட்டுக்குப் பின்னால் குவித்திருந்த வலைக்கடியில் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டேன்.

அப்பாவின் அக்கா, மீன்கூடையோடு நாலு ஊர் சுற்றுகிறவள், அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். அத்தைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"கொயவி எங்கடி? ரெக்க கட்டிகினு பறந்துச்சா?"

பக்கத்து வீட்டுக்காரி தன் கல்லைத் தருவதாகச் சொன்னாள். அந்தந்த வீட்டுக் கல்தான் ஆகும் என்று அத்தை அடித்துச் சொல்லிவிட்டாள். "நல்ல நேரம் போவுது, கொயந்தய போடுங்க" என்று மாமா அவசரப்படுத்தினார். அம்மா தம்பியை மடியைவிட்டு இறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எங்க வெச்ச, சொல்லும்மா" என்றாள். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டேன்.

குழவி வந்தது, குளித்தது, துணி கட்டிக்கொண்டு தொட்டிலில் படுத்தது. அத்தை ஆட்டினாள். தொட்டிலை ஆட்டுகிறாளா, வலையை உதறுகிறாளா என்று சந்தேகமாக இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் குழவி திரும்பி, அதன் முனை இரண்டு கம்பிகளுக்கு நடுவே புகுந்தது. மூன்றாவதில் துணி குமிழில் மாட்டிக்கொள்ள, கல் மட்டும் வெளியே வழுக்கி மாமாவின் கால்கட்டை விரலில் விழுந்தது. மாமா ஒற்றைக்காலில் குதித்தார். பந்தலே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. கையை முஷ்டியாக மூடிக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா அளவு இது?"

"கேட்டுக்கு வெக்கிற அளவுதான். ஆடு நொயையாது."

"ஆடு உள்ள வராம கீறதுக்குத்தான்டா கேட்டு. இது கொயந்த வெளிய போவாம கீறதுக்கு!"

மாமா விடவில்லை. "இதுக்குப் போயி இன்னா? ரெண்டு பக்கமும் தலகாணி அண்டக் குடுத்தா தீந்துச்சு" என்றார்.

"தலகாணி வேணாம்டா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். பந்தலில் சிரிப்பு நின்றது. மாமாவின் முகம் சுருங்கிப்போனது. விரல் ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருந்தான் என்பது, எனக்குக் கல்யாணமாகி நான் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரியும். உருண்டுவிடக்கூடாதென்று இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் படுக்கப் போட்டுவிட்டு, அம்மா கருவாட்டைப் புரட்டிப்போடப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது பிள்ளையின் முகம் தலையணையில் புதைந்து கிடந்தது. மூச்சில்லை. அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கித் திரிந்தவர்தான் மாமா. அன்று ஒரு நிமிஷம் மறந்துவிட்டார், பாவம்.

சாப்பிடக்கூடச் செய்யாமல், நொண்டிக்கொண்டே தொட்டிலை மறுபடி பஸ் ஏற்றினார். குழவியையும் பையில் போட்டுக்கொண்டு போனார். மாமாவை நோகடித்துவிட்டாளே என்று அத்தையிடம் நான் பேசுவதையே விட்டேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குழவி இல்லாததால் பத்து நாளும் பக்கத்து வீட்டில்தான் மிளகாய் அரைத்தோம்.

பத்தாம் நாள் தொட்டில் திரும்பி வந்தது. கம்பிகள் நெருக்கமாகிவிட்டன, குழவியில் பாதிகூட நுழையாது. அடியில் தட்டையான பலகை, அதன்மேல் இழுத்துக் கட்டின ஒற்றைத் துணி. என் பித்தளைக் குமிழ்களைக் காணோம். "துணி மாட்டுதில்ல, அறுத்துட்டேன்" என்றார் மாமா. நீலப் பெயிண்ட் உள்பக்கம் பூராவும் கீறிக் கிடந்தது. "நானே கொயவிய போட்டு ஆட்டிகினே இருந்தேங்க்கா. விழல." அதன்பிறகு அவர் யாருக்குத் தொட்டில் செய்தாலும் பட்டறையில் கல்லைப் போட்டு ஆட்டாமல் வெளியே அனுப்பியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட அதிகம் பார்க்கிறானே என்று கேலி செய்வார்கள்.

அந்தப் பத்தாம் நாள் அத்தை மறுபடியும் தன் பலம் கொண்ட மட்டும் ஆட்டினாள். குழவி கம்பியில் முட்டி முட்டி உள்ளேயே கிடந்தது. அம்மா அதை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் தட்டினாள், கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அது கல்லும்மா" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். கூடச் சிரிக்க ஒருவரும் வரவில்லை.

பிறகு தம்பியைக் கிடத்தினாள். அவன் இரண்டு ஆட்டத்தில் தூங்கிப்போனான். கம்பிக்கு வெளியே வந்தவை அவன் விரல்கள் மட்டும்தான். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு பார்த்தால், தொட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துகொண்டு குறட்டை வேறு. தலைவாரிவிடச் சொல்லி அவள் தோளை உலுக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"எயுப்பாதடி. ரெண்டு புள்ளயயும் தூங்க வெச்சுட்டு இப்பத்தான் கண்ண மூடிகீறா."

நான் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். தம்பி ஒருத்தன்தான் இருந்தான். இவ்வளவு மீன் விற்கிற அத்தைக்கு இரண்டு வரைக்கும்கூட எண்ணத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.