பானெட்டில் வைத்த கை

திருச்சியில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கலர் பார்ப்பார்கள். அப்புறம் சீட் கவர். ஏசி வருகிறதா, பாட்டுப் பாடுகிறதா என்று ஒரு தட்டு. டயருக்குக் காலால் ஒரு உதை. அவ்வளவுதான், வண்டி பார்த்தாயிற்று! எது ஓடுகிறதோ அதை மட்டும் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே பாலக்கரையில் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் நஜிமுதீன். ஊருக்கு அவர் நஜிமு பாய்.

பதினாலு வருஷம் சவுதியில், தம்மாமில் என்ஜின் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட் வைத்திருக்கிறார். ரிப்பேர் ஒரு பக்கம் நடக்கும். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, செகண்ட் ஹாண்டில் வண்டி எடுக்கிறவர்களோடு கூடப் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலைதான். அதிலும் இந்தச் சின்ன எஸ்யூவிகள் வந்த பிறகு மனிதருக்கு மூச்சுவிட நேரமில்லை. தொட்டியத்து வாழைத்தார் வியாபாரியிலிருந்து லால்குடி வாத்தியார் வரை எல்லாருக்கும் அந்த உயரமான வண்டி மேல்தான் கண்.

ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் பார்ப்பார். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. என்ஜின் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தாலோ இன்னும் சந்தேகம். "இதுக்கு எதுக்குங்க கல்யாண மேக்கப்? எங்கயோ ஒழுகுது, தொடைச்சு வச்சிருக்கான்" என்பார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் ஒரு காரியம் உண்டு. காலை ஆறரை மணிக்குப் போய், ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். என்ஜினின் உள்நோய் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் ஆயில் எங்கும் பரவி, தட்டுகிற சத்தம் அடங்கி, எந்தக் கிழட்டு என்ஜினும் சமர்த்துப் பிள்ளையாக நிற்கும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒருத்தன் பானெட்டை ஈரத்துணியால் துடைத்துக் குளிர வைத்திருந்தான். பாய் குனிந்து சைலன்சரைத் தொட்டார். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன ஜனவரியில் ஒரு தப்பு செய்தார்.

மன்னார்புரத்து லிசி டீச்சருக்காகப் போன வண்டி அது. டீச்சர் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். நாற்பத்திரண்டு வயதில், புருஷன் டோனி கேலி செய்யச் செய்ய, டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கியவர். "இனிமே பஸ்ல தொங்க மாட்டேன் பாய். காவேரிப் பாலத்துல நானே ஓட்டிட்டுப் போகணும்" என்று சொல்லி அவரைக் கூப்பிட்டார். டோனியும் கூட வந்தார். வண்டி, ஏழு வருஷம் ஓடிய டீசல். விற்கிறவர் ஆழ்வார்தோப்பில் அப்துல் சுக்கூர். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரிய மனிதர்.

நஜிமுதீன் பானெட்டில் கை வைத்தார். சுட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொப்பியோடு வெளியே வந்தார் சுக்கூர். "ஃபஜ்ருக்கு வண்டியிலதான் போயிட்டு வந்தேன் பாய். அதான் சூடா இருக்கு. வாங்க, டீ சாப்பிடுங்க."

விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து அரை மணிக்கு மேல் ஆகிறது. பள்ளிவாசலோ அந்தத் தெருமுனையிலேயே நிற்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நஜிமுதீன் இரண்டையும் அந்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டார். ஆனால் தொழுதுவிட்டு வந்த ஹாஜியாரைப் பார்த்து, "நிஜமாவா?" என்று எப்படிக் கேட்பது? அதுவும் டோனி பக்கத்தில் நிற்கும்போது? நம்ம ஆளை நாமே விட்டுக்கொடுப்பதா என்று வாய் கூசியது. "வ அலைக்கும் சலாம் ஹாஜியார்" என்றார். சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்தார். என்ஜின் பூப்போல ஓடியது. ஆயில் மூடியில் வெள்ளை இல்லை, புகையும் இல்லை. "எடுக்கலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வாரம் டோனி வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். கூட லிசி டீச்சர், அழுத முகத்தோடு.

"டீசல் வண்டின்னா இப்படித்தான்னு நெனச்சேன். இப்ப காலையில ஸ்டார்ட் பண்ணா டப்பாக்குள்ள ஆணி போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம் பாய். நான்தான் கெடுத்துட்டேன்."

"பின்ன? பாலம் முழுக்க ரெண்டாவது கியர்லயே போனா என்னத்துக்கு ஆவும்? நல்ல வண்டி பாய், நீங்களே பாத்துச் சொன்னது" என்றார் டோனி.

"நான் பஸ்லயே போய்க்கறேன். இதைச் சரி பண்ணி வித்துடுங்க" என்றார் டீச்சர். நஜிமுதீன் தலையை மட்டும் ஆட்டினார்.

என்ஜினின் முன்மூடியைக் கழற்றியபோது விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. என்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தளர்ந்து கிடந்தது. அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கட்டையில் செயின் நகம் புதையும் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. ஆயில் தார் மாதிரி படிந்திருந்தது. இதெல்லாம் இரண்டாவது கியரில் பாலம் தாண்டியதால் வருவதா? மூன்று வாரத்தில் வருவதா? மாற்ற வேண்டிய ஆயிலை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டினால் வருவது. அந்தக் காலையில் என்ஜின் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஆணிச் சத்தம் முதல் ஐந்து நொடியிலேயே கேட்டிருக்கும்.

நஜிமுதீன் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? டீச்சரே பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. இவர் பேருக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் அந்தப் பெண் இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டாள். ஹாஜியார் மேல் கோபம் பொங்கியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. அவர் பொய் சொன்னாரா, இல்லை வேறு எங்கோ தூரத்துப் பள்ளிக்குப் போய் வந்தாரா? அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது. சுட்டது யார் கை? நஜிமுதீனின் கை.

தேய்ந்த கட்டையை ஒரு பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு சாயங்காலமே மன்னார்புரம் போனார். சாப்பாட்டு மேஜை மேல் அதை வைத்தார்.

"இந்தப் பள்ளம் விழறதுக்கு வருஷம் ஆவும் டீச்சர். நீங்க ஓட்டி வந்ததில்ல. அன்னிக்கி பானெட்டு சூடா இருந்துச்சு. தொட்டேன், தெரிஞ்சுச்சு. கேக்கக் கூசிக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். தப்பு என்னுது. வண்டிய நானே சரி பண்ணித் தரேன்."

டோனிக்கு முகம் சிவந்தது. "உங்களை நம்பித்தானே பாய் வாங்குனோம்! ஊரே உங்க கையத்தானே நம்புது!"

நஜிமுதீனை இத்தனை வருஷத்தில் ஒருவரும் இவ்வளவு கோபமாகக் கேட்டதில்லை. இவ்வளவு நியாயமாகவும் கேட்டதில்லை.

லிசி டீச்சர் அந்தக் கட்டையைக் கையில் எடுத்து, பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் கெடுக்கலையா பாய்?"

"இல்ல டீச்சர்."

"ரெண்டாவது கியரு?"

"டீசல் கொஞ்சம் கூடக் குடிச்சிருக்கும். அவ்வளவுதான்."

டீச்சர் திரும்பி டோனியைப் பார்த்தார். டோனி ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் செயினும் கட்டையும் புதிதாக ஏறின. வண்டியை முதல்நாள் மதியமே மன்னார்புரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்கு நஜிமுதீன் மறுபடி வந்து நின்றார். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக் கைப்பையோடு வெளியே வந்தார். நஜிமுதீன் பழக்கதோஷத்தில் பானெட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"இருங்க பாய். நான் பாக்கறேன்."

அவர் கை பாதியிலேயே நின்றது. டீச்சர் தன் உள்ளங்கையைப் பானெட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு, பாயைப் பற்றி ஊரில் சொல்கிற கதை ஞாபகத்தில், குனிந்து சைலன்சரையும் தொட்டார். நஜிமுதீனுக்கு உள்ளே சுருக்கென்றது. இந்த வீட்டில் இனி அவர் சொல் மட்டும் போதாது. அது சரிதான் என்றும் பட்டது.

"ஜில்லுனுதான் இருக்கு" என்றார் டீச்சர்.

சாவியைத் திருப்பினார். சத்தமில்லாமல் என்ஜின் பிடித்துக்கொண்டது. முன்சீட்டில் ஏறிய டோனியை, "நீங்க பைக்ல போங்க" என்று சொல்லி இறக்கிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, லிசி டீச்சர் தனியாக ஸ்ரீரங்கம் புறப்பட்டார்.